ஆஸ்பத்திரியில் ஓடி விளையாடலாமா?

மருத்துவமனை என்றதும் நம் நினைவுக்கு வருபவை எவை? மருந்து நெடி, வரிசையாகக் கட்டில்கள், "ஓடாதே, சும்மா படு" என்று குழந்தையை அதட்டும் குரல். நோயுற்ற குழந்தை அசையாமல் படுத்துக் கிடந்தால்தான் குணமாகும் என்று நாம் நெடுங்காலமாக நம்பி வருகிறோம். காய்ச்சல் 104 டிகிரியாக இருக்கும்போது இது சரியே. ஆனால் காய்ச்சல் தணிந்த மறுநாளே அக்குழந்தை கட்டில் கம்பியைப் பிடித்து ஏறத் தொடங்குகிறதே, அப்போது அதை என்ன செய்வது? இன்னும் நான்கு நாள் ஊசி போட வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு அனுப்ப முடியாது. அந்த நான்கு நாளும் அது எங்கே ஆடும், எதன்மேல் ஏறும்?

இது பொழுதுபோக்கைப் பற்றிய கேள்வி என்று நினைத்து விடாதீர்கள். இது சிகிச்சையைப் பற்றிய கேள்வி. இதற்கான விடையில் பாதியை மருத்துவர்கள் சொல்ல வேண்டும். மீதிப் பாதி, பள்ளியில் நீங்கள் படிக்கும் இயற்பியலில் இருக்கிறது.

கும்மிடிப்பூண்டியை எடுத்துக்கொள்வோம். சென்னைக்கு வடக்கே சுமார் 45 கிலோமீட்டரில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த ஊர். சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருட்டாலைகள், வார்ப்பட ஆலைகள், ரசாயன ஆலைகள் எனப் பலவகைத் தொழில்கள் நடக்கின்றன. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர் குடும்பங்கள் இங்கே உண்டு. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமும் உண்டு. ஒற்றை அறை வீடு, வாசலில் லாரிகள் ஓடும் சாலை என்ற நிலையில் வளரும் குழந்தைக்கு நல்ல நாளிலேயே ஓடி ஆட இடம் குறைவு. அது நோயில் விழுந்தால் உள்ளூர் அரசு மருத்துவமனைக்குப் போகும். நோய் முற்றினால் 2022-இல் தொடங்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, சென்னை ஸ்டான்லிக்கோ, 1968-இல் டாக்டர் எஸ். டி. ஆச்சார் முயற்சியால் உருவான எழும்பூர் குழந்தைகள் நல நிலையத்துக்கோ போகும். போகும் இடத்தில் மருந்தும் டாக்டரும் இருப்பது முதல் தேவை. அதில் ஐயமில்லை. நாம் பேசப்போவது அதற்கு அடுத்த தேவையைப் பற்றி.

கட்டிலில் ஒரு விண்வெளிப் பயணம்

12 கிலோகிராம் நிறையுள்ள குழந்தை நிற்கும்போது அதன் கால்கள் சுமார் 118 நியூட்டன் எடையைத் தாங்குகின்றன. ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை பாதத்தில் தாக்குகிறது. அதே குழந்தையைப் படுக்க வைத்தால் என்ன ஆகும்? எடை மாறுவதில்லை. ஆனால் அது முதுகுப் பரப்பு முழுவதும் பரவி விடுகிறது. கால் எலும்பின் நீளவாக்கில் அழுத்தும் விசை அநேகமாக இல்லாமல் போகிறது.

சுமை ஏறும் எலும்பு உறுதி பெறும், சுமை நீங்கிய எலும்பு மெலியும் என்பதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-இல் விரிவாக எழுதி வைத்தார். விண்வெளி வீரர்களிடம் இதை நன்றாகப் பார்க்க முடிந்தது. எடையற்ற நிலையில் அவர்களுடைய இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை தாதுப்பொருளை இழக்கிறது. விண்வெளிக்குப் போகாமலே இதை ஆராய விஞ்ஞானிகள் ஓர் உபாயம் கண்டார்கள். நலமான ஆட்களைத் தலைப்பக்கம் 6 டிகிரி தாழ்ந்த கட்டிலில் வாரக்கணக்கில் படுக்க வைப்பதுதான் அந்த உபாயம். கட்டிலில் கிடப்பதே எடையற்ற நிலைக்கு அவ்வளவு நெருக்கமானது! தசைகளோ எலும்பையும் விட அவசரக்காரர்கள்; சில நாட்களிலேயே மெலியத் தொடங்கி விடும்.

நுரையீரலையும் மறக்கக் கூடாது. மல்லாந்து படுக்கும்போது வயிற்றுறுப்புகள் உதரவிதானத்தை மேலே தள்ளுகின்றன. மூச்சை வெளிவிட்ட பிறகு நுரையீரலில் எஞ்சி நிற்கும் காற்றின் அளவு குறைகிறது. அடிப்பகுதிச் சிற்றறைகள் சரிவர விரியாமல் போகலாம். அங்கே சளி தேங்கும்.

ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தை நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடலை அசைத்து இயங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. ஐந்து முதல் 17 வயது வரையுள்ளோருக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம், சற்றே மூச்சு வாங்கும் அளவுக்கு இயக்கம் தேவை என்று 2020-இல் கூறியது. இவை நலமான பிள்ளைகளுக்கான அளவுகள். நோயுற்ற பிள்ளைக்கு இவை அப்படியே பொருந்தா. ஆனால் சுழியமும் பொருந்தாது. இதய வீக்கம் உள்ள குழந்தை, முதுகெலும்பில் அடிபட்ட குழந்தை, அன்று காலை அறுவை செய்துகொண்ட குழந்தை ஆகியோர் படுத்திருக்கத்தான் வேண்டும். யார் எழலாம், எப்போது எழலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நான் வற்புறுத்துவதெல்லாம், எழலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு எழுந்து போக ஓர் இடம் இருக்க வேண்டும் என்பதே.

லண்டனும் கிங்ஸ்டனும்

ஐரோப்பாவில் இந்த விஷயம் வேறு கோணத்தில் எழுந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் லண்டன் மருத்துவமனைகள் பலவற்றில் குழந்தையைச் சேர்த்துவிட்டுப் பெற்றோர் வெளியேறி விட வேண்டும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மட்டும் பார்க்க அனுமதித்த இடங்களும் இருந்தன. 1952-இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், இரண்டரை வயதுக் குழந்தை ஒன்று தாயைப் பிரிந்து மருத்துவமனையில் கழித்த எட்டு நாட்களைத் திரைப்படமாக எடுத்தார். அந்தப் படம் டாக்டர்களிடையே கடும் விவாதத்தைக் கிளப்பியது. 1959-இல் அங்கு வெளியான பிளாட் அறிக்கை, தாயை உடனிருக்க விட வேண்டும், குழந்தைகள் விளையாடவும் படிக்கவும் வசதி வேண்டும் என்று பரிந்துரைத்தது.

நம் ஊர் வாசகருக்கு இதில் முதல் பாதி வேடிக்கையாகக் கூடத் தோன்றலாம். நம் அரசு மருத்துவமனை வார்டில் தாய் இல்லாத குழந்தைக் கட்டிலைப் பார்ப்பது அரிது. தாயோடு பாட்டியும் தூக்குவாளியும் சேர்ந்தே இருக்கும். அவர்கள் போராடிப் பெற்றது நம்மிடம் வழக்கமாகவே இருந்திருக்கிறது. இரண்டாம் பாதியில்தான் நாம் பின்தங்கி விட்டோம். தாயின் மடி உண்டு. மடியை விட்டு இறங்கினால் கால் வைக்க இடம் இல்லை.

விளையாட்டின் பயனை அளந்து காட்டியவர்களுள் ஜமைக்காவில் பணியாற்றிய சாலி கிரந்தாம்-மெக்கிரகர் முக்கியமானவர். கடும் சத்துக்குறைவால் கிங்ஸ்டன் நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளுள் ஒரு பிரிவினருக்கு வழக்கமான உணவும் மருந்தும் கிடைத்தன. மற்றொரு பிரிவினருக்கு அவற்றோடு தினமும் திட்டமிட்ட விளையாட்டும் சேர்ந்தது. வீடு திரும்பிய பிறகும் சுகாதாரப் பணியாளர்கள் சென்று தாய்மாருக்கு விளையாட்டு முறைகளைக் கற்றுத் தந்தார்கள். உணவு மட்டும் பெற்ற குழந்தைகளின் உடல் தேறியது. மனவளர்ச்சி பின்தங்கியே நின்றது. விளையாடிய குழந்தைகள் வளர்ச்சிச் சோதனைகளில் அவர்களைத் தெளிவாக முந்தினார்கள். 1980-களில் வெளியான முடிவுகள் இவை. அதே நகரில் 1986-87-இல், வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளிடம் இன்னொரு சோதனை தொடங்கியது. இரண்டு ஆண்டுக் காலம், வாரம் ஒரு மணி நேரம், வீட்டிலேயே விளையாட்டு. இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அப்படி விளையாடியவர்கள் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகமாகச் சம்பாதித்தார்கள் என்று 2014-இல் 'சயன்ஸ்' ஆராய்ச்சி இதழ் வெளியிட்டது. விலையுயர்ந்த பொம்மை எதுவும் அங்கே இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதன் பயனாக, கடும் சத்துக்குறைவுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்துப் படிச் சிகிச்சையில் ஒன்பதாம் படியாக விளையாட்டும் அன்பான கவனிப்பும் இடம்பெற்றன. நாளுக்கு 15 முதல் 30 நிமிடம் திட்டமிட்ட விளையாட்டு என்று அளவும் குறித்திருக்கிறார்கள், மருந்துச்சீட்டில் எழுதுவதைப் போல. இந்திய அரசு 2011-இல் வெளியிட்ட சத்துணவு மறுவாழ்வு மையங்களுக்கான நெறிமுறையும் விளையாட்டுக்கு ஓர் இடம் கேட்கிறது.

விழுந்தால் என்ன?

இனி நம் பகுதிக்கு வருவோம். மருத்துவமனையில் ஏறி இறங்கும் சாதனம் வைக்கலாம் என்று சொன்னால் எழும் முதல் மறுப்பு, "விழுந்து அடிபட்டால் யார் பொறுப்பு?" என்பதே. நியாயமான கேள்விதான். கணக்கிட்டுப் பார்ப்போம்.

h உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகம் √(2gh). 60 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்தால் வேகம் நொடிக்கு 3.4 மீட்டர். 1.5 மீட்டரிலிருந்து என்றால் 5.4 மீட்டர், ஏறத்தாழ மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிள் சுவரில் மோதுவதற்குச் சமம். ஆனால் காயத்தைத் தீர்மானிப்பது வேகம் மட்டும் அன்று. எவ்வளவு தூரத்துக்குள் அந்த வேகம் நிற்கிறது என்பதே முக்கியம். விழும் உயரத்தை நிற்கும் தூரத்தால் வகுத்தால், தலைக்கு ஏற்படும் சராசரி எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது கிடைத்து விடும். 1.5 மீட்டரிலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்து 5 மில்லிமீட்டருக்குள் நின்றால் 300 மடங்கு. தளர்ந்த மணலில் விழுந்து 10 செ.மீ. அமிழ்ந்து நின்றால் 15 மடங்கு. இவை சராசரி, உச்ச அளவு இதைவிடக் கூடுதலாக இருக்கும். விளையாட்டுத் தரைகளுக்கான அமெரிக்கத் தர விதி, உச்ச அளவு 200 மடங்கைத் தாண்டக் கூடாது என்கிறது.

ஆகவே குழந்தை வார்டை ஒட்டிய இடத்தில் ஏறும் உயரத்தை 60 செ.மீ. அளவில் நிறுத்திக்கொண்டு, கீழே 30 செ.மீ. ஆழத்துக்கு மணல் பரப்பினால் ஆபத்து வெகுவாகக் குறைந்து விடும். மணலில் ஒரு தொல்லை உண்டு. இரவில் பூனைகள் அதைத் தமக்கென்று எடுத்துக்கொள்ளும். மாலையில் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். ஈரமாகி இறுகிய மணல் ஏறக்குறைய சிமெண்டுதான். வாரம் ஒரு முறை மண்வெட்டியால் கிளறி விட வேண்டும். ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். வார்டில் கட்டில் கம்பிமேல் ஏறும் குழந்தைக்குக் கீழே இருப்பது பளிங்குக் கல் அல்லது டைல்ஸ். ஏற இடம் தராத வார்டில்தான் விழும் ஆபத்து அதிகம்.

சூரியன் எந்தப் பக்கம்?

சறுக்கு மரத்தை வடக்கு நோக்கி வைக்க வேண்டும், அப்போதுதான் வெயிலில் சூடேறாது என்று ஐரோப்பிய, அமெரிக்கக் கையேடுகள் சொல்லும். அவர்களுடைய ஊர்களில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்தே இருப்பதால் அது சரி. கும்மிடிப்பூண்டி 13.4 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் இறுதியில் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வருகிறது. அதன் பிறகு ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது! அதாவது கடும் கோடையில், வடக்கு நோக்கிய சறுக்குப் பலகையில்தான் வெயில் அதிகமாக விழும். 35 டிகிரி சாய்ந்த பலகைக்கு ஜூன் மாத நண்பகலில் கணக்கிட்டால், வடக்கு நோக்கியது நேர்வெயிலில் 91 சதவீதத்தையும், தெற்கு நோக்கியது 71 சதவீதத்தையும் பெறுகின்றன. கொசைன் தெரிந்த மாணவர்கள் சரிபார்க்கலாம். பிற நாட்டுப் புத்தகத்தை அப்படியே பார்த்து எழுதினால் வரும் வினை இது.

எந்தப் பக்கம் வைத்தாலும் மே மாத வெயிலில் உலோகப் பலகை 60 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடும். அந்தச் சூட்டு உலோகத்தைச் சில நொடி தொட்டாலே தோல் வெந்து விடும். குழந்தையின் மெல்லிய தோலுக்கு இன்னும் குறைந்த நேரம் போதும். அதே வெப்பநிலையில் உள்ள மரப்பலகை அவ்வளவு சுடுவதில்லை. மரம் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்துவதே காரணம். கருப்பு ரப்பர் விரிப்பும் வெயிலை விழுங்கிச் சூடேறும். ஆகவே நிழலுக்கு முதலிடம். வேம்பும் புங்கமும் வளர வருடங்கள் ஆகும். கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டும் நாளிலேயே கன்றை நட்டு விட வேண்டும். அதுவரை தென்னங்கீற்றுப் பந்தல் போதும்.

தாழ்வாரத்தின் மகிமை

விளையாட்டு என்றால் இரைச்சல். பக்கத்து வார்டில் மூச்சுத் திணறும் குழந்தை உறங்க வேண்டும். மருத்துவமனை அறைகளில் இரவில் 30 டெசிபெலுக்கு மேல் ஒலி கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 1999-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். நம் வார்டுகள் எவையும் இதன் அருகில் கூட வருமென்று எனக்குத் தோன்றவில்லை.

6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறை ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். சுவரும் தரையும் கூரையும் சேர்ந்து 126 சதுர மீட்டர். பூச்சும் டைல்ஸும் தம்மேல் விழும் ஒலியில் சுமார் 3 சதவீதத்தை மட்டுமே உட்கொள்ளும். ஆகவே அறையின் மொத்த ஒலி உட்கொள்ளல் 3.8 அலகு. எதிரொலி அடங்கும் நேரத்துக்கு அமெரிக்க இயற்பியலாளர் சபைன் தந்த வாய்பாடு, 0.16 × கன அளவு ÷ ஒலி உட்கொள்ளல். இந்த அறையில் அது 3.8 நொடி. ஒரு பிள்ளை கத்தினால் அந்தக் கத்தல் அடங்கும் முன் இன்னும் நான்கு பிள்ளைகள் கத்தி விடுவார்கள்! காலியான கல்யாண மண்டபத்தில் பேசிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இதைச் சரிசெய்ய ஒலி உறிஞ்சும் கூரைத் தகடுகள் பொருத்தலாம். நேரம் 0.7 நொடியாகக் குறையும். செலவும் ஆகும், தூசியும் அடையும். இன்னொரு வழி, 6 மீட்டர் நீளமுள்ள ஒரு சுவரை எடுத்து விடுவது. திறந்த வெளி தன்மேல் விழும் ஒலியை முழுவதுமாக வெளியே விட்டு விடும். 18 சதுர மீட்டர் திறப்பு 18 அலகு உட்கொள்ளலுக்குச் சமம். இப்போது கணக்கிட்டாலும் விடை 0.7 நொடிதான். சுவர் எடுத்த அந்த அறைக்கு என்ன பெயர்? தாழ்வாரம்! நம் பாட்டன்மார் வீட்டின் தாழ்வாரம், விலையுயர்ந்த கூரை செய்யும் வேலையைச் செலவின்றிச் செய்கிறது.

தாழ்வாரம் வேறு உதவிகளும் செய்யும். நேர்வெயில் உள்ளே வராது. காற்று தாராளமாக ஓடுவதால், இருமும் பிள்ளைகள் விட்ட காற்றையே அடுத்த பிள்ளை சுவாசிக்கும் நிலை குறைகிறது. (அம்மை, காசநோய் உள்ள பிள்ளைகளைப் பொது இடத்துக்கு அழைத்து வரக் கூடாது, அவர்களுக்குக் கட்டிலிலேயே விளையாட்டு.) வார்டுக்கும் தாழ்வாரத்துக்கும் இடையில் ஒரு கனமான சுவர் நின்றால் உறங்கும் பிள்ளைக்கும் தொந்தரவில்லை. ஆனால் தாழ்வாரம் குறைந்தது மூன்று மீட்டர் அகலமாவது இருக்க வேண்டும். சக்கர நாற்காலி முழுதாகத் திரும்பவே 1.5 மீட்டர் விட்டம் தேவைப்படுகிறது. வாசற்படிக்குப் பதில் சாய்தளம் வேண்டும். ஒரு பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம்.

டிரிப்ஸ் ஏறும் பிள்ளை

கையில் ஊசி குத்தி, பாட்டிலில் நீர் இறங்கிக்கொண்டிருக்கும் பிள்ளை விளையாட முடியுமா? முடியும். பாட்டில் நரம்புக்கு ஒரு மீட்டர் மேலே இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 100 செ.மீ. நீர்மட்டத்துக்குச் சமம். கை நரம்பில் உள்ள அழுத்தம் சுமார் 10 செ.மீ. நீர்மட்டம்தான். வித்தியாசம் தாராளமாக இருப்பதால் நீர் உள்ளே போகிறது. பிள்ளை எழுந்து நின்றாலோ, பெஞ்சின்மேல் ஏறினாலோ இந்த வித்தியாசம் குறையும். பாட்டில் மட்டத்தைக் கை நெருங்கினால் இரத்தம் குழாயில் திரும்பி வரும். ஆகவே இப்பிள்ளைக்குச் சறுக்கு மரம் ஆகாது. இடுப்பளவு உயரத்தில் ஒரு மேசை போட்டு, அதில் மணலோ தானியமோ பரப்பி, ஊசி குத்தாத கையால் ஆட விடலாம். பல்லாங்குழி அதற்கென்றே அமைந்தது.

பாட்டிலைச் சுவர் ஆணியில் மாட்டினால் பிள்ளையையும் அந்த ஆணியில் கட்டிப் போட்டதாகவே அர்த்தம். சக்கரம் வைத்த தாங்கி வேண்டும். அதற்கு எத்தனை கால்? அடிக்கால் நீளம் 30 செ.மீ. என்றால், மூன்று கால் தாங்கி கவிழும் விளிம்பு நடுவிலிருந்து 15 செ.மீ.இல் இருக்கிறது, நான்கு காலுக்கு 21 செ.மீ.; ஐந்து காலுக்கு 24 செ.மீ. உச்சியில் கனமான பாட்டிலைச் சுமந்து நிற்கும் தாங்கியைப் பிள்ளை இழுக்கும்போது இந்தச் சில சென்டிமீட்டர்களே அதைக் காக்கும்.

ஊதும் விளையாட்டு

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நீங்களும் செய்து பார்க்கலாம். வாய் அகன்ற பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, விரல் பருமனுள்ள ரப்பர் குழாயின் நுனியை நீர்மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே வைத்து ஊதுங்கள். குமிழி வர வேண்டுமானால் உங்கள் வாயில் 980 பாஸ்கல் அழுத்தமாவது இருக்க வேண்டும். நீங்கள் ஊதும் நேரம் முழுவதும் அதே அழுத்தம் மூச்சுக்குழாய்களை உட்பக்கத்திலிருந்து தாங்கிப் பிடிக்கிறது. மூடிக்கொள்ளப் பார்க்கும் சிறு குழாய்கள் திறந்திருக்கின்றன. சளிக்குப் பின்னால் காற்று சேர்ந்து சளியை மேலே தள்ளுகிறது. குழந்தைகளின் மார்புச் சளிக்கு உடற்பயிற்சி மருத்துவர்கள் இம்முறையைக் கையாளுகிறார்கள். ஆழத்தைக் கூட்டினால் அழுத்தம் கூடும். அளவுகோல் ஒன்று போதும். குழாய் மெலிதாக இருந்தால் உராய்வும் சேர்ந்து பிள்ளை களைத்து விடும். ஆகவே சர்பத் உறிஞ்சும் சிறு குழாய் வேண்டாம். பாட்டிலின் வாயை மூடவும் கூடாது. உறிஞ்சாமல் ஊதத் தெரிந்த பிள்ளையானால், நீரில் ஒரு சொட்டுச் சோப்பு விட்டால் நுரை பொங்கி வழியும். அதன் பிறகு பிள்ளையை ஊதச் சொல்ல வேண்டியதில்லை, நிறுத்தச் சொல்லத்தான் வேண்டும். நோயுள்ள பிள்ளைக்கு எவ்வளவு ஆழம், எத்தனை தடவை என்பதை டாக்டரிடம் கேட்டே செய்க.

சோப்புக் குமிழி ஊதுவதும் இதுவும் ஒன்றென்று எண்ணாதீர்கள். 2 செ.மீ. ஆரமுள்ள சோப்புக் குமிழிக்குள் கூடுதல் அழுத்தம் வெறும் 5 பாஸ்கல். பாட்டிலில் ஊதுவதில் 200-இல் ஒரு பங்கு. அது நுரையீரலை விரிக்காது. ஆனால் பலமாக ஊதினால் படலம் உடைந்து விடும் என்பதால் பிள்ளை மெதுவாக, நீளமாக மூச்சு விடக் கற்றுக்கொள்கிறது. ஊசிக்குப் பயந்து வேகவேகமாக மூச்சு வாங்கும் பிள்ளையை அமைதிப்படுத்த அந்த 5 பாஸ்கல் போதும்.

பொம்மையும் பெயிண்டும்

நடக்கத் தொடங்கும் பிள்ளைக்கும், நோயினால் நடை தளர்ந்த பிள்ளைக்கும் நம் தச்சர்கள் செய்த மூன்று சக்கர நடைவண்டியை மிஞ்சிய சாதனம் குறைவு. பிள்ளை தன் காலில் நின்று, தன் எடையைத் தானே தாங்கித் தள்ளுகிறது. கடைகளில் விற்கும் வட்ட வடிவ 'வாக்கர்' இதற்கு நேர்மாறு. அதில் பிள்ளை தொங்குகிறது, உருண்டு போய் விழுகிறது. கனடா நாடு 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு காட்டும் பொம்மைகள் மிக எளியவை: நூலில் கோத்த வளையங்கள், பிளாஸ்டிக் பாட்டில் கிலுகிலுப்பை, தகர டப்பா மத்தளம், ஒன்றனுள் ஒன்று அடங்கும் டப்பாக்கள், கயிறு கட்டி இழுக்கும் வண்டி. தமிழ் தெரியாத ஒடியக் குழந்தையும் இந்தி தெரியாத தமிழ்க் குழந்தையும் ஒரே மத்தளத்தைத் தட்டலாம். பிளாஸ்டிக்கும் தகரமும் சோப்புநீரில் கழுவத் தகுந்தவை. பஞ்சடைத்த துணிப்பொம்மை பொதுவில் இருக்கக் கூடாது. அதை ஒரு பிள்ளைக்கே கொடுத்து வீட்டுக்கு அனுப்பி விட வேண்டும்.

கும்மிடிப்பூண்டி போன்ற தொழில் நகரில் இதற்குப் பணம் கிடைப்பது கடினம் அன்று. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். வழக்கமாக வருவது சுவரில் யானைப் படமும், அதைவிடப் பெரிதாக நன்கொடையாளர் பெயரும்தான். படம் அழகுதான், அதன்மேல் ஏற முடியாது. அந்தப் பணத்தைத் தாழ்வாரத்துக்கும் மணலுக்கும் ஐந்து கால் தாங்கிகளுக்கும் கேட்டு வாங்க வேண்டும்.

இலவசமாக வரும் சில பொருள்களில் எச்சரிக்கை தேவை. ஆலைகளில் ரசாயனம் அடைத்து வைத்திருந்த பீப்பாய்களை வெட்டிச் சுரங்கம், ரயில் என்று செய்து தர முன்வருவார்கள். எத்தனை முறை கழுவினாலும் அவற்றை ஏற்கக் கூடாது. பழைய மின்கலத் தகடுகள், அவற்றை உருக்கிய இடத்து மண், பழைய பெயிண்ட் உரியும் இரும்பு ஆகியவற்றில் ஈயம் இருக்கலாம். கையை வாயில் வைக்கும் வயதில் ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாதென்று இந்திய அரசு விதித்த விதி 2017 முதல் நடைமுறையில் உள்ளது. இயந்திரங்களுக்குப் பூசும் தொழிற்சாலைப் பெயிண்டுக்கு இந்த விதி பொருந்தாது. ஆலையில் மிஞ்சிய டப்பாவைக் கொண்டுவந்து ஊஞ்சலுக்குப் பூசி விடக் கூடாது.

கடைசியாகச் சாவி விஷயம். விளையாட்டு அறை கட்டிய இடங்களில் நான் பெரும்பாலும் பார்த்தது பூட்டைத்தான். சாவி யாரிடமோ இருக்கும். அவர் விடுப்பில் இருப்பார். ஒரு பக்கம் திறந்த தாழ்வாரத்துக்குச் சாவி கிடையாது. மாலையில் மணலை மூடி, பொம்மைகளைக் கழுவிக் காய வைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையை யார் செய்வதென்று வார்டு வேலைப் பட்டியலில் பெயர் எழுதி வைக்க வேண்டும்.